லாபத்தில் ஓடும் கம்பெனியும் சிறு பங்குதாரரும்

மளிகைக் கடையோ, நெல் மண்டியோ, அரிசி ஆலையோ, நம் பக்கத்தில் இருவர் சேர்ந்து தொழில் நடத்தினால் ஒருவரையொருவர் ‘பார்ட்னர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஊரும் அப்படியே அழைக்கிறது. அந்தத் தொழில் எப்போதோ பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவாகிவிட்டது, அன்று முதல் அவர்கள் சட்டப்படி கூட்டாளிகள் அல்ல, பங்குதாரர்கள் மட்டுமே என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. மனஸ்தாபம் வந்த பிறகு ஆடிட்டர் வாயிலாகத்தான் அது நினைவுக்கு வருகிறது.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. 1932 ஆம் வருடத்துக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் 43 ஆவது பிரிவுப்படி, காலவரை குறிப்பிடாத கூட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி மற்றவர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாலே போதும், கூட்டு கலைந்துவிடும். கணக்குப் பார்த்துப் பிரிந்துகொள்ளலாம். கம்பெனியில் அப்படி ஒரு வழி கிடையாது. நூற்றுக்கு 25 பங்கு வைத்திருப்பவர் ஆயிரம் நோட்டீஸ் அனுப்பினாலும் கம்பெனி கலையாது. அவருடைய பங்கை வெளியார் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்க ஒருவர் முன்வந்தாலும், பெயர் மாற்றிக் கொடுக்க இயக்குநர் குழு மறுக்கலாம். பணம் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

வங்கிக் கடன் சுலபம், சொந்தச் சொத்துக்கு ஜப்தி வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவசரமாகக் கம்பெனியாக்கிக்கொண்டவர்கள் இதையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். சொன்னவர் சொல்லியிருக்கவும் வேண்டும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மூன்று மைத்துனர்கள் சேர்ந்து நடத்தும் நவீன அரிசி ஆலை. மொத்தம் 10,000 பங்குகள். மூத்தவருக்கு 4,000, இரண்டாமவருக்கு 3,500, மூன்றாமவருக்கு 2,500. மூவரும் இயக்குநர்கள். ஆரம்பத்தில் மூவரும் சம்பளம் எடுத்துக்கொண்டார்கள், டிவிடெண்ட் என்று தனியாகப் போட்டுக்கொள்ளவில்லை. குருவையும் சம்பாவும் வந்து போயின, ஆலை நன்றாகவே ஓடியது. மூத்தவரின் மகன் படித்துவிட்டு வந்தான். அவனையும் இயக்குநராக்கினார்கள். தவிட்டுக் கணக்கில் ஏதோ பேச்சு வந்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்றாமவர் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இதற்குச் சாதாரணத் தீர்மானமே போதும், பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் நிறைவேறிவிடும். முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே 169 ஆவது பிரிவின் நிபந்தனை.

அன்றோடு அவருடைய சம்பளம் நின்றது. டிவிடெண்டும் கிடையாது. கம்பெனியில் லாபம் இருக்கிறது, ஆனால் அது மற்றவர்களின் சம்பளமாகவும் படியாகவும் போகிறது. ஆலை இருப்பது பைபாஸ் ஓரத்தில் நாலு ஏக்கர். அப்பா காலத்தில் நெற்களத்துக்காக வாங்கிய இடம். கணக்குப் புத்தகத்தில் அது அன்றைய விலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. “விற்றுவிட்டுப் போ, ஆடிட்டர் போட்ட விலை தருகிறோம்” என்கிறார்கள். அந்த விலையில் நாலு ஏக்கருக்கும் சேர்த்து இன்று ஒரு மனை கூட வாங்க முடியாது.

இந்த நிலையில் மூன்றாமவர் முதலில் கேட்பது, “கம்பெனியைக் கலைத்து எனக்குரிய பாகத்தைக் கொடுங்கள்” என்பதுதான். நியாயமான கேள்வி. கடன் எல்லாம் அடைக்கக்கூடிய, சொத்து மிஞ்சக்கூடிய கம்பெனியைக் கலைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தானாக முன்வந்து கலைப்பது இப்போது 2016 ஆம் வருடத்து நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 59 ஆவது பிரிவின் கீழ் வருகிறது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்த முறை அமலில் உள்ளது. கம்பெனி எந்தக் கடனிலும் தவணை தவறியிருக்கக் கூடாது. இயக்குநர்களில் பெரும்பான்மையோர் கம்பெனியின் நிலையை முழுதும் விசாரித்து, கடன் இல்லை அல்லது இருக்கும் கடனைச் சொத்திலிருந்து முழுக்க அடைத்துவிடலாம், யாரையும் ஏமாற்றக் கலைக்கவில்லை என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். முந்தைய இரண்டு வருடத்துத் தணிக்கைக் கணக்கும், சொத்து மதிப்பீடு செய்திருந்தால் அந்த அறிக்கையும் சேர வேண்டும். அதன்பின் நாலு வாரத்துக்குள் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். கடன்காரர்கள் இருந்தால், கடன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு உரியவர்கள் ஏழு நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மூன்றாமவரின் ஆசை நின்றுபோகிறது. வாக்குமூலம் கொடுக்க வேண்டியவர்கள் எதிர்த்தரப்பு இயக்குநர்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவரிடம் இருப்பதோ 2,500. கலைப்பு அவர் கைக்கு எட்டாது.

கால் பங்கு இருந்தால் சிறப்புத் தீர்மானத்தையாவது தடுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2,500-ஐ மூன்றால் பெருக்கினால் 7,500. மற்ற இருவரிடமும் சேர்த்து இருப்பது சரியாக 7,500. ‘குறையாமல்’ என்பதுதான் சட்டத்தின் சொல், ஆகவே தீர்மானம் நிறைவேறிவிடும்! 2,501 பங்கு இருந்திருந்தால் நிறைவேறாது. அந்த ஒரு பங்கு இருந்தால் அமைப்பு விதிகளைத் திருத்துவதையே அவர் தடுத்துவிட முடியும். கம்பெனி தொடங்கும்போது ‘கால் பாகம் உனக்கு’ என்று வாய்க்கு வந்தபடி பிரித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

ஆக, மனமொத்துக் கலைக்கும் வழி அடைபட்டால், மிஞ்சுவது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். 2016 ஜூன் 1 முதல் செயல்படுகிறது. தமிழ்நாட்டுக்கு உரிய அமர்வு சென்னையில் இருக்கிறது. அதற்கு முன் இந்த வழக்குகள் உயர்நீதிமன்றத்திலும், 1991 முதல் ஒரு பகுதி கம்பெனிச் சட்ட வாரியத்திலும் நடந்தன. தஞ்சாவூர் கோர்ட்டிலேயே ஒரு சிவில் வழக்குப் போட்டு நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயத்தைச் சிவில் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று 2013 ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 430 ஆவது பிரிவு சொல்கிறது. உழவன் எக்ஸ்பிரஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

தீர்ப்பாயத்தில் இரண்டு விதமாக மனுப் போடலாம். ஒன்று 271 ஆவது பிரிவின் கீழ், ‘கலைப்பதே நியாயமும் தகுதியும் ஆகும்’ என்று கேட்பது. இன்னொன்று 241 ஆவது பிரிவின் கீழ், ‘கம்பெனி விவகாரங்கள் என்னை ஒடுக்கும் விதமாக நடக்கின்றன, நிவாரணம் வேண்டும்’ என்று கேட்பது.

‘நியாயமும் தகுதியும்’ என்ற சொற்களுக்கு உயிர் கொடுத்தவை இங்கிலாந்தில் நடந்த இரண்டு வழக்குகள். இரண்டும் நம்மைப் போன்ற கடைக்காரர்களின் வழக்குகள் என்பதால் சொல்கிறேன். 1916 இல் தீர்ப்பான யெனிட்ஜே டொபாக்கோ வழக்கில், இரண்டு சிகரெட் வியாபாரிகள் சரிபாதியாகச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். பிறகு முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கம்பெனிச் செயலாளர் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கம்பெனி நல்ல லாபம் ஈட்டிக்கொண்டிருந்தது! லாபம் வந்தாலும், இது உண்மையில் கூட்டு வியாபாரம்தான், கூட்டு வியாபாரமாக இருந்தால் எந்தக் காரணத்துக்குக் கலைப்போமோ அதே காரணத்துக்கு இதையும் கலைக்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொன்று 1972 இல் பிரபுக்கள் சபை தீர்த்த எப்ராஹிமி வழக்கு. கம்பள வியாபாரம். எப்ராஹிமி, நாசர் என்ற இரு கூட்டாளிகள் 1958 இல் கம்பெனியாக்கி ஆளுக்கு 500 பங்கு எடுத்தார்கள். பிறகு நாசரின் மகனுக்கு இருவரும் நூறு நூறு பங்கு கொடுத்தார்கள். டிவிடெண்ட் இல்லை, லாபம் முழுவதும் இயக்குநர் சம்பளமாகவே போனது. 1969 இல் அப்பாவும் மகனும் 600 ஓட்டை வைத்து எப்ராஹிமியை நீக்கினார்கள். அவர் கேட்டது கலைப்பு, கிடைத்ததும் கலைப்பு. ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையின் பேரில், எல்லோரும் நிர்வாகத்தில் இருப்போம் என்ற புரிதலில் தொடங்கிய சிறு கம்பெனியில், சட்டம் தந்த உரிமையைக்கூட மனசாட்சிக்கு விரோதமாகப் பயன்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஆலையின் மூன்றாமவர் கதை இதற்கு எவ்வளவு பக்கம் என்று வாசகர்கள் கண்டிருப்பார்கள்.

ஆனால் நம் உச்சநீதிமன்றம் இந்த விஷயத்தில் கையைச் சற்று இறுக்கியே வைத்திருக்கிறது. ‘ஓட்டில் தோற்றேன், ஆகவே நம்பிக்கை போயிற்று’ என்பது மட்டும் கலைப்புக்குக் காரணமாகாது என்று ஹிந்த் ஓவர்சீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னே, 1968 இல், முசாபர்நகர் கிரெய்ன் சேம்பர்ஸ் வழக்கு. வெல்லத்தில் முன்பேர வியாபாரம் நடத்திய கம்பெனி. 1950 பிப்ரவரியில் வெல்ல முன்பேரத்தை அரசு தடைசெய்தது. இனி இந்தக் கம்பெனிக்கு வேலையே இல்லை, கலையுங்கள் என்று மனு. கம்பெனி செய்யக்கூடிய மற்ற காரியங்கள் இருக்கும்போது அதன் அடிப்படை போய்விட்டதாகக் கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார்கள். போதாததற்கு, வேறு நிவாரணம் இருக்கும்போது அதை நாடாமல் கலைப்பையே பிடிவாதமாகக் கேட்டால் தீர்ப்பாயம் மறுக்கலாம் என்று 273 ஆவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அந்த வேறு நிவாரணம்தான் 241, 242 ஆம் பிரிவுகள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டுமானால் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும்: ஒடுக்குமுறை நடந்திருக்கிறது, கலைக்கத் தகுந்த அளவுக்குக் காரணமும் இருக்கிறது, ஆனால் கலைத்தால் மனுச் செய்தவருக்கே அநியாய நஷ்டம் வரும். ஆலைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடுகிற ஆலையை நிறுத்தி ஏலம் விட்டால் பாய்லரும் சார்ட்டெக்ஸ் மெஷினும் பழைய இரும்பு விலைக்குப் போகும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அரவை வேலை போகும். மண்டிகளில் நிற்கும் பாக்கி வசூலாகாது. பெரும்பங்குக்காரர் நஷ்டப்படுவதோடு மூன்றாமவரின் கால் பங்கும் சேர்ந்து கரையும். எனவே ஆலை ஓடட்டும், அவருடைய பங்கை நியாய விலைக்கு மற்றவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது 242. குடும்பக் கம்பெனி வழக்குகளில் பெரும்பாலும் உண்மையான சண்டை இந்த விலைக்குத்தான். நாலு ஏக்கர் களத்தைப் புத்தக விலையில் பார்ப்பதா, சந்தை விலையில் பார்ப்பதா என்பதிலேயே வழக்கின் உயிர் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், மனுவில் ஒடுக்குமுறையைப் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள் மதிப்பீட்டுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே நடந்து, இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு ஒன்று உண்டு. நீலகிரி மாவட்டம் கேத்தியில் உள்ள ஊசித் தொழிற்சாலை, நீடில் இண்டஸ்ட்ரீஸ். 1949 இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைக் கம்பெனியாகப் பதிவானது. 1977 இல் அதில் 32,000 பங்குகள், ஒவ்வொன்றும் நூறு ரூபாய். இங்கிலாந்துக் கம்பெனி கையில் 18,990, அதாவது நூற்றுக்கு 59-க்கு மேல். மற்றவை தேவஞானம் தலைமையிலான இந்தியப் பங்குதாரர்களிடம். நிர்வாகமும் இவர்கள் கையில். அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம், 1977 மே 17 கெடு.

இயக்குநர் குழு 16,000 புதுப் பங்குகளை வெளியிட்டது, இரண்டுக்கு ஒன்று வீதம். இங்கிலாந்துக் கம்பெனிக்கு உரியது 9,495. அதற்கான கடிதத்தில் தேதி ஏப்ரல் 14. தபாலில் சேர்த்தது ஏப்ரல் 27. இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தது மே 2. அதே மே 2 அன்று கேத்தியில் குழு கூடி, பதில் வரவில்லை என்று சொல்லி, புதுப் பங்குகளை இந்தியத் தரப்புக்கே ஒதுக்கிவிட்டது. பெரும்பங்குக்காரர் 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டார்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடமும், பிறகு அமர்வு முன்பும் போய், 1981 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. பங்கு வெளியீடு சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது, வெளிநாட்டார் அந்தப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது, ஆகவே ஒடுக்குமுறை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் கடிதத்தைக் காலங்கடத்தி அனுப்பியது நேர்மையல்ல, அதனால் வந்த ஆதாயத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. பங்கின் சந்தை மதிப்பு 190 ரூபாய், கொடுத்த விலை 100, வித்தியாசம் 90. அதை 9,495 ஆல் பெருக்கி, 8,54,550 ரூபாயை இங்கிலாந்துக் கம்பெனிக்குத் தேவஞானம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஒடுக்குமுறை நிரூபணமாகாவிட்டாலும் நியாயம் வழங்க நீதிமன்றத்துக்குக் கை உண்டு என்பது இதில் நிலைபெற்றது.

நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தத் தபால் உறையை. பங்கு எண்ணிக்கையைப் பெருக்கிச் சிறு பங்குதாரரைச் சுருக்குவதுதான் எங்கும் நடக்கும் பழைய வித்தை. இன்றைய 62 ஆவது பிரிவுப்படி புதுப் பங்கு கொடுக்கும் கடிதம், ஏற்புக் காலம் தொடங்க மூன்று நாள் முன்பாவது பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர் அல்லது மின்னஞ்சலில் போக வேண்டும். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் அவகாசம் தர வேண்டும். பிரைவேட் கம்பெனியில் 90 சதவீத உறுப்பினர் எழுத்தில் சம்மதித்தால் இதைச் சுருக்கலாம். ஆகவே, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டப்படும் சம்மதக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரை சாட்சி சொல்லும்.

பெரிய வீடுகளிலும் இதே சண்டைதான். முருகப்பா குழுமத்தின் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியில் சுமார் 8 சதவீதப் பங்குடைய வள்ளி அருணாச்சலம், தந்தை காலமான பின், ஒன்று இயக்குநர் இடம் கொடுங்கள், இல்லையேல் நியாய விலைக்கு எங்கள் கிளையின் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 2020 செப்டம்பரில் பொதுக்கூட்டம் அவருக்கு இடம் மறுத்தது. வழக்குகள் நடந்து, 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள்ளேயே சமரசம் ஆனது. டாடா சன்ஸில் 18.37 சதவீதம் வைத்திருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமமோ கடைசி வரை போனது. 2016 அக்டோபரில் சைரஸ் மிஸ்திரி தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2021 மார்ச் 26 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது: பதவி நீக்கம் மட்டும் ஒடுக்குமுறை ஆகாது. நம் மூன்றாமவர் ‘என்னை நீக்கிவிட்டார்கள்’ என்பதை மட்டும் வைத்து மனு எழுதினால் நிற்காது. கூட்டாளிகளாய் இருந்த பழைய பத்திரம், மூவரும் சமமாகச் சம்பளம் எடுத்த கணக்கு, நீக்கிய பிறகு உயர்ந்த மற்றவர் சம்பளம், நின்றுபோன அவருடைய வருமானம், இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டும்.

யார் மனுச் செய்யலாம்? 244 ஆவது பிரிவுப்படி, பங்கு மூலதனத்தில் பத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். அல்லது நூறு உறுப்பினர், இல்லையேல் மொத்த உறுப்பினர் தொகையில் பத்தில் ஒரு பங்கினர், இந்த இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். உறுப்பினர் பத்துப் பேருக்குள் அடங்கும் குடும்பக் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு உடையவரும் தலைக்கணக்கில் தகுதி பெற்றுவிடுவார். பங்குத் தொகையில் பாக்கி இருக்கக் கூடாது. தகுதி குறைந்தால் அனுமதி கேட்டுத் தனி மனுச் செய்யலாம். கலைப்பு மனுவுக்கு, கடந்த 18 மாதத்தில் 6 மாதமாவது பங்கு அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும், அல்லது இறந்தவரிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

மனுவுக்கு முன்பே கையில் இருக்கும் சிறு ஆயுதங்களையும் பலர் எடுப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு இருந்தால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டக் கோரலாம். பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எந்த உறுப்பினரும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். கணக்கறிக்கை கூட்டத்துக்கு 21 நாள் முன் வந்தாக வேண்டும். வருடாந்தரக் கூட்டமே நடத்தாவிட்டால், ஒரே ஒரு உறுப்பினர் விண்ணப்பித்தாலும் தீர்ப்பாயம் கூட்டச் சொல்லும்.

இனி கம்பெனி தொடங்கப்போகிறவர்கள் அமைப்பு விதிகளில் விலகும் வழியை எழுதிக்கொள்வது நல்லது. விலகுகிறவர் பங்கை மற்றவர் எத்தனை நாளில் வாங்க வேண்டும், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் யார் நியமனத்தில் வர வேண்டும், நிலம் சந்தை விலையிலா என்பதை எழுத அரைப் பக்கம் போதும். ஏற்கனவே தொடங்கியவர்கள் மனம் ஒத்திருக்கும்போதே சிறப்புத் தீர்மானம் போட்டுச் சேர்க்கலாம். மூவரும் ஒப்பிக் கலைப்பதானாலும், கலைப்பில் வரும் பணத்தில் கம்பெனியில் சேர்ந்திருந்த லாபத்தின் அளவுக்கு டிவிடெண்டாகவும், மிச்சம் மூலதன ஆதாயமாகவும் வருமான வரி பார்க்கப்படும். தீர்மானத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கெடு. பங்கை விற்றோ தானமாகவோ பெயர் மாற்றக் கொடுத்து, கம்பெனி மறுத்தால், மறுப்பு நோட்டீஸ் கைக்கு வந்த 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கம்பெனி பதிலே தராமல் இருந்தால், பத்திரத்தைக் கொடுத்த தேதியிலிருந்து 60 நாள். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் இந்த நாளை எண்ணவே முடியாது, ஆகவே நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.